முள்ளோடு தின்றவன்

ஏழு புள்ளி எட்டு.
காய்ச்சலென்றால் நெற்றியில் கை வைத்துச் சொல்லலாம்.
சர்க்கரையை எறும்பு சொல்லும்.
இதற்குச் சாட்சி
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி லேபில் தந்த
ஒரு துண்டுத்தாள் மட்டும்.

அப்புறம் என் முதுகு.

ராத்திரி இரண்டு மணிக்கு
மெற்றில்டா சீப்பை எடுக்கிறாள்.
"எங்க?"
"கொஞ்சம் கீழ."
"இங்கயா?"
"அங்கதான். ஆனா அதுக்கு உள்ள."
உள்ளே போகச் சீப்புக்கு வழியில்லை.
தொலிக்கும் சதைக்கும் நடுவில் எங்கோ
மணல் ஏறிக் கிடக்கிறது.

மணல் எனக்குப் புதிதில்லை.
பத்தொன்பது வருஷம் மணவாளக்குறிச்சியில்
கருமணல் லாரி ஓட்டினேன்.
சட்டைக் காலரில் இருக்கும், சோற்றுப் பாத்திர மூடியில் இருக்கும்,
மகளின் புதுநன்மை உடுப்பு மடிப்பில்கூட இருந்தது.
உதறினால் போய்விடும் அது.

டயட் சொல்லும் அம்மா பட்டியல் எழுதினார்:
பால் குறைக்கணும், பயறு குறைக்கணும்,
கருப்புக் கோலா தொடவே கூடாது,
முள்ளோடு தின்கிற பொடிமீன்...
பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
"ஊர்?"
"கடியபட்டணம்."
"சரிதான்" என்று
அடியில் இரண்டு கோடு போட்டார்.

நெத்தோலிக்கு யார் முள் எடுக்கிறார்கள்?
தலையைக் கிள்ளி, மாங்காய் நறுக்கிப் போட்டு,
மரச்சீனிக்கு மேலே கோரி ஊற்றினால்
முள் என்பது வாய்க்குள் ஒரு சின்னச் சத்தம்.
அந்தச் சத்தத்தில் வளர்ந்த உடம்பு.
சிறுநீரகம் இரண்டும் கடை திறந்திருந்த காலத்தில்
மிச்சத்தைக் கேள்வி கேட்காமல் வெளியே தள்ளின.
இப்போது
தின்ற முள்ளெல்லாம் ரத்தத்தில் நின்று
இடம் கேட்கிறது.

செவ்வாயும் வெள்ளியும் மிஷின்.
ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் கோருவதுபோல
நாலு மணி நேரம் கோருகிறது.
பஸ் பிடித்து வீடு வருமுன்
பாதி ஊறிவிடும்.

பக்கத்துப் படுக்கை வறுவேல் அண்ணன்
தன் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
விரல் எலும்பு வெள்ளை, சரி.
அதற்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளை,
நரம்புவலை நூல் மாதிரி வளைந்து வளைந்து.
"எலும்பு இல்லவே. ரத்தக் குழாய்.
சிப்பி கட்டுது பாத்தியா"
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
இரண்டு வாரமாய் அந்தப் படுக்கையில் வேறு ஆள்.

மாத்திரை சோற்றுக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை,
சோற்றோடு.
கொழுந்தியாள் மகள் கல்யாணப் பந்தியில்
இலை நிறைய இறைச்சி விளம்பிய பிறகு
பையைத் தடவுகிறேன்.
மாத்திரை வேறு சட்டையில்.
எழுந்துவிட்டேன்.
"சுகறா?" என்றார் எதிரில் இருந்தவர்.
ஆமாம் என்றேன்.
அந்த நோயை விளக்க வேண்டியதில்லை.

மகள் வேதியியல் பாடத்தைச் சத்தமாகப் படிக்கிறாள்:
"மோனசைட் ஒரு பாஸ்பேட் கனிமம்."
மறுபடி வாசி மக்கா, என்றேன்.
வாசித்தாள்.
அப்படியென்றால் நான் லாரியில் ஏற்றியதற்கும்
இதே பெயர்தான்.
அதனால் வந்ததில்லை இது என்று டாக்டர் சொல்லியாயிற்று,
பெயர் மட்டும்தான் ஒன்று.
இருந்தாலும் சிரிப்பு வந்தது:
அதைக் கம்பெனி வேலி போட்டுக் காக்கிறது.
என்னுடையதை
வாளியில் அள்ளிக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

இன்று நெத்தோலி பொரித்த வாசம்.
கதவைச் சாத்திப் பொரித்தாள், தெருவுக்குத்தான் மறைத்தாள்,
எனக்கா மறைக்க முடியும்?
தட்டில் ஆறு வைத்தாள்.
நடுவில் மாத்திரை.
"ஆறு. எண்ணியாச்சு."

நாற்பத்தெட்டு வயதில்
நெத்தோலிக்கு முள் உருவப் படிக்கிறேன்.
வயிற்றோரம் நகத்தால் கீறி, வாலில் பிடித்து
மெதுவாக.
இரண்டு ஒடிந்தது.
நாலு முழுசாய் வந்தது, தலைமுடி கனம்.
மாத்திரையை மென்றேன், சுண்ணாம்பு ருசி.
தட்டோரத்து முள்ளைப் பூனை நக்கிக்கொண்டு போனது.

மெற்றில்டா சீப்பைத்
தலையணைக்கு அடியில் எடுத்து வைத்துவிட்டு
விளக்கை அணைத்தாள்.